உன் அம்மாவுக்கு நான் நிறுத்திய மாத்திரை

தம்பி,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு யோக்கியதை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் உன் பெண்சாதி பார்வதி என்னிடம் வந்தாள். நானுஓயாவிலிருந்து வட்டகொடை வரைக்கும் நின்றுகொண்டே வந்திருக்கிறாள், ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக்கு நடை வேறு. வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து மருந்துப் போத்தலை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். "ஆறு நாளு சாப்பிட்டாங்க மாமா. வாய் காயுது, பாடம் எழுதச் சாக்கட்டி புடிச்சா கை நடுங்குதுன்னாங்க. அதுக்கப்புறம் தொடமாட்டேங்குறாங்க. எங்கம்மாவக் கொன்ன மருந்து எனக்கு வேணான்னு செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டாங்க. பள்ளிக்கூடத்துக்குப் போயி மூனு வாரமாச்சு" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "அது நெசமா மாமா? அந்த மருந்துதான் அத்தையக் கொன்னுச்சா?" என்று கேட்டாள். முப்பது வருஷமாக இந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பதில் சொன்னவன், அந்தப் பிள்ளை முன்னால் போத்தலை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். "நான் வர்றேன், நீ போம்மா" என்று அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை வந்தேன். உனக்கு நினைவிருக்கும். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். நான் நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினேன், தலவாக்கலைப் பக்கம் மண் சரிந்ததைப் பற்றிப் பேசினேன், பார்வதி கொடுத்த வாழைப்பழத்தை வெட்கமில்லாமல் தின்றேன். சொல்ல வந்ததை மட்டும் சொல்லவில்லை. எழுந்தபோது நீ, "கதவச் சாத்திட்டுப் போங்கப்பா" என்றாய். அந்த ஒரு வார்த்தைதான். சாத்திவிட்டு வந்துவிட்டேன். வாயால் சொல்லத் துப்பில்லாதவன் எழுதித் தொலைக்கட்டும் என்றுதான் இன்றைக்குப் பேனாவை எடுத்திருக்கிறேன். இதை ஒட்டாமல்தான், உன் மருந்துப் போத்தலோடு சேர்த்து அனுப்பப் போகிறேன். பார்வதி படித்துக் காட்டட்டும், கொண்டு வருகிறவன் படித்தாலும் படிக்கட்டும். பொய்யை நான் ஊரறியச் சொன்னேன், நிஜம் மட்டும் எதற்கு ஒளிந்து வர வேண்டும்?

என்னை நீ அறிவாய். ஆனாலும் நான் எப்படிப்பட்டவன் என்று என் கையாலேயே எழுதிவிடுகிறேன். இங்கே எல்லாரும் என்னை டாக்டரையா என்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. மருந்து கலக்கவும் புண் கட்டவும் கற்றுக்கொண்டவன், அவ்வளவுதான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுப்பேன். கையில் கொடுத்தால் குடியிருக்கும் லயத்துக்குக் கொண்டுபோய் ஐந்து பேருக்குப் பங்கு வைத்துவிடுவார்கள் என்று, என் முன்னாலேயே விழுங்கச் சொல்லுவேன். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். "விழுங்கு, தொற, நாக்கத் தூக்கு, போ." இந்த நாலு வார்த்தையில் என் உத்தியோகம் ஓடியது. அந்த நாலு வார்த்தையை நான் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டேன் தம்பி, வினை அங்கேதான் தொடங்கியது.

நீ ஹட்டனில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். அந்த வருஷத்து மழைக்காலத்தில் உன் அம்மாவுக்கு வந்தது. முதலில் தலை சீவுவதை விட்டாள். பிறகு சோறு தீய்ந்தது. பிறகு காலையிலிருந்து பொழுது சாயும்வரை வாசல் இஸ்தோப்பில் பலகைமேல் உட்கார்ந்து எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவள் அழவில்லை. "என்னாடி செய்யுது?" என்றால், "ஒன்னுஞ் செய்யலீங்க" என்பாள். பெண்பிள்ளைக்கு என்ன குறை, நல்ல குவாட்டர்ஸ், தேயிலை மலைக்குப் போக வேண்டியதில்லை, மகன் படிக்கிறான், கொழுப்புத்தான் என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன். இரும்புச்சத்து மருந்து கொடுத்தேன், பூச்சி மருந்து கொடுத்தேன், காய்ச்சலே இல்லாத உடம்புக்குக் கொயினாவும் கொடுத்தேன். கீழ் டிவிஷனிலிருந்து கோடாங்கியைக் கூப்பிட்டு உடுக்கடித்துப் பார்த்தேன். அவன் ஆற்றோரத்துக் கன்னி பிடித்திருக்கிறது என்று கயிறு கட்டிவிட்டு ஒரு சேவலோடு போனான். சிங்களக் கிராமத்து நாட்டு வைத்தியர் வெதமாத்தயாவிடம் எண்ணெய் வாங்கித் தலையில் தேய்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து என்னவென்று கேட்பதைத் தவிர மற்ற எல்லா வைத்தியமும் பார்த்தேன்.

உட்கார்ந்த ஒருத்தி இருந்தாள். லயத்து முத்தம்மா. உன் அம்மாவும் லயத்தில் பிறந்தவள்தானே, கலியாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவர்கள். என்னைக் கட்டிக்கொண்டதும் உன் அம்மா உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண், இங்கே சொல்கிற மாதிரி ஸ்டாப் வீட்டுப் பெண் ஆகிவிட்டாள். ஸ்டாப் வீட்டுப் பெண் லயத்து ஆட்களோடு ஒட்டக் கூடாது, அது இங்கே எழுதாத சட்டம். முத்தம்மாவுக்குச் சட்டமாவது ஒன்றாவது. தராசில் கொழுந்து நிறுத்த கையோடு குசினிப் பக்கமாக வந்து உட்கார்ந்து, உன் அம்மா தலையைச் சிக்கெடுத்துக்கொண்டே மலையில் வேலை பார்க்கும் கண்டாக்கு யாரைத் திட்டினார், தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்று கதை அளப்பாள். உன் அம்மா பதில் பேசமாட்டாள். முத்தம்மா அதற்கெல்லாம் அசருகிறவளா? "நீ பேசாட்டிப் போ, எனக்கு ரெண்டு பேருக்குப் பேசுற வாயிருக்கு" என்பாள். அவள் வந்துபோன நாளில் உன் அம்மா இரண்டு பிடி சோறு தின்றாள், அதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும், ஆபீஸ் கிளாக்கர் வீட்டம்மா ஏதோ முகம் சுளித்தாள் என்பதற்காக ஒருநாள் வாசலில் நின்று, "இனிமே பின்பக்கமா வராத" என்றேன். "அப்ப முன்பக்கமா வரவாங்கய்யா?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

எலும்பும் தோலுமாக ஆனபிறகுதான் ஹட்டனில் தனியாக வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். நல்ல மனுஷர். உன் அம்மாவை ஒரு மணி நேரம் உட்கார்த்தி வைத்துப் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இது கொழுப்புமில்ல, பேயுமில்ல. மலேரியா மாதிரி இதுவும் ஒரு சீக்கு. காரணத்தோடயும் வரும், காரணமில்லாமலும் வரும். இப்பத்தான் சீமையிலிருந்து இதுக்கு மாத்திர வந்திருக்கு. ரெண்டு மூனு வாரம் போனாத்தான் குணம் தெரியும். அதுக்கு முந்தி தொந்தரவுதான் தெரியும். வாய் காயும், மலங்கட்டும், எழும்பி நின்னா கண்ண இருட்டும். அதுக்குப் பயந்து நிப்பாட்டிராதீங்க. என்ன வந்தாலும் எங்கிட்டச் சொல்லுங்க. ஒங்களுக்கு நான் சொல்லணுமா, மருந்து தெரிஞ்சவரு" என்றார். நானும் பெரிய மருந்து தெரிந்தவன் மாதிரித் தலையை ஆட்டினேன்.

அவர் சொன்னதெல்லாம் வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். சோர்ந்து கிடந்தவளைப் பார்த்ததும் எனக்கு என் டிஸ்பென்சரிப் புத்தி வேலை செய்தது. ரத்தமில்லாத பெண்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கொடுக்க எங்களுக்குக் கறுப்பாக ஒரு பசை வரும், ஈஸ்ட்டில் எடுத்த சத்து. சுடுதண்ணீரில் ஒரு கரண்டி கரைத்துக் கொடுப்போம். இந்தத் தோட்டத்தில் அதைக் குடிக்காத கர்ப்பிணி கிடையாது. கை தவறிக்கூட யாருக்கும் கெடுதல் செய்யாத மருந்து என்று சத்தியம் செய்திருப்பேன். ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியாகக் கரைத்து உன் அம்மாவுக்கு அநேகமாகத் தினமும் சாயந்தரம் கொடுத்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை. சத்துக்கு எதற்கு அனுமதி?

அதற்குப் பிறகு தலைவலி வந்தது தம்பி. அதைத் தலைவலி என்று சொல்லக் கூடாது. பிடரியில் யாரோ உலக்கை போட்டு இடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். நெஞ்சு படபடவென்று அடிக்கும், வாந்தி எடுப்பாள், கழுத்தைத் திருப்ப முடியாமல் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடப்பாள். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, நான் கோப்பையை நீட்டும்போது, மாதக்கணக்கில் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத உன் அம்மா வாய் திறந்தாள். "இந்தக் கறுப்புத் தண்ணியக் குடிச்சாத்தாங்க மண்டை இடிக்குது. குடிக்காத அன்னிக்கு இடிக்கல. நான் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்றேன். "நான் சொன்னேனுங்க, அவ்வளவுதான்" என்று கோப்பையை வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு, பெரட்டுக் களத்துப் பெண்கள் மாதிரி வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். நான் அதையும் பார்த்துவிட்டு, சரி போ என்றேன். பாவி நான்.

மாத்திரைதான் தலையை இடிக்கிறது என்று நானாக முடிவு கட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை, மீதி மாத்திரையை எல்லாம் கக்கூஸ் குழியில் கொட்டினேன். டாக்டருக்கு ஒரு வரி எழுதவில்லை. கறுப்புத் தண்ணீரை நிறுத்தவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தலைவலி நின்றது. பார்த்தாயா, நான் சொன்னேனே என்று மார் தட்டினேன். தலைவலி போனது, கூடவே உன் அம்மாவும் போனாள். முன்னைவிட ஆழத்துக்குப் போய்விட்டாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தால் வைத்தபடி இருக்கும். டாக்டர் கேள்விப்பட்டு ஆளனுப்பினார். போனேன். "மாத்திர ஒத்துக்கலன்னா வேற வழியிருக்கு. கொழும்புக்கு எழுதித் தர்றேன். தலையில கரண்ட் வைப்பாங்க. பேரு பயமா இருக்கும், மயக்கம் குடுத்துத்தான் வைப்பாங்க. இப்பிடிச் சாப்பிடாமக் கெடக்குறவங்களுக்கு அதுதான் சட்டுன்னு கேக்கும்" என்றார். "எம் பொஞ்சாதி பைத்தியமில்ல டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டேன். டாக்டரையா பெண்சாதியைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று லயம் பேசும், தோட்டத்துத் தொரை காதுக்குப் போகும். எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. மார்கழிக் குளிரில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. எதிர்த்து நிற்க உடம்பில் ஒன்றும் இல்லை. நாலு நாளில் முடிந்துவிட்டது. தூக்கின நாலு பேருக்கும் தோள் கனக்கவில்லை.

நீ அழுதுகொண்டே மண் போட்டாய். குழிமேட்டில் என்னைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு என்னாச்சுப்பா?" என்று கேட்டாய். ஊரே நின்று பார்த்தது. "அந்தச் சீம மாத்திரதான்டா ஒங்கம்மாவக் கொண்டுபோயிருச்சு" என்றேன். அந்த நிமிஷத்தில் நான் அதை நம்பினேன், அதை மட்டும் நீ நம்பு. ஆனால் இரண்டு வருஷம் கழித்து எனக்குத் தெரிந்துவிட்டது. ஹட்டனுக்கு மருந்து எடுக்கப் போயிருந்தேன். டாக்டர் ஏதோ வைத்திய சஞ்சிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இங்க பாருங்க, அன்னிக்கு ஒங்க சம்சாரத்துக்குக் குடுத்தோமே, அந்த ஜாதி மாத்திரையோட சீஸ் சாப்பிட்டா ரத்தக்கொதிப்பு ஏறித் தல வெடிக்கிற மாதிரி வலிக்குமாம். ஈஸ்ட்டுச் சத்தும் ஆகாதாம். அன்னிக்கு இது யாருக்கும் தெரியாது. நல்லவேள, நம்ம தோட்டத்துல யாரு சீஸ் சாப்பிடுறா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். என் சட்டைப் பையில் இருந்த மருந்துப் பட்டியலில் அந்தக் கறுப்புப் பசைதான் முதல் வரி. திரும்பி வரும்போது வட்டகொடையில் இறங்க மறந்து நானுஓயாவில் போய் இறங்கினேன். அன்றிலிருந்து மூன்று வருஷமாக, அவள் இருந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, இதை யாரிடமும் சொல்லவில்லை. மேல்லயத்தில் ஒரு பெண் இதே சீக்கில் கிடந்து, "டாக்டரையா சம்சாரத்தையே கொன்ன மாத்திர எனக்கெதுக்கு?" என்று ஆஸ்பத்திரி மாத்திரையைத் தள்ளினாள் என்று கேள்விப்பட்டபோதும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது அது என் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. உனக்கும் அம்மாவின் சீக்கு வந்துவிட்டது. நான் சொன்ன பொய்யை மருந்துக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு நீ படுத்திருக்கிறாய்.

நேற்று ஹட்டனுக்குப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, "மகனுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். உன் போத்தலைக் காட்டினேன். இது வேறு ஜாதி மாத்திரையாம். இதற்கும் வாய் காய்வது, கை நடுங்குவது, வியர்ப்பது, மலங்கட்டுவது, ஒன்றுக்குப் போகத் தாமதமாவது எல்லாம் உண்டாம். தொந்தரவு முந்தி வரும், குணம் பிந்தி வரும், ஆறு நாளில் ஒன்றும் தெரியாது என்றார். தாங்க முடியாவிட்டால் அளவைக் குறைக்கலாம், மாத்திரையை மாற்றலாம், அதுவும் கேட்காவிட்டால் கரண்ட் இருக்கிறது, எதுவானாலும் நானாக நிறுத்தினேன், நானாகக் கூட்டினேன் என்று மட்டும் இருக்கக் கூடாது என்றார். வேறு எதைத் தின்றாலும் குடித்தாலும், கசாயமானாலும் சத்து மருந்தானாலும், அவரிடம் சொல்லிவிட்டுத்தான். "இது கட்டாயம் கேக்குமா டாக்டர்?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் கேக்கும்னு நான் சொல்லமாட்டேன். நெறையப் பேருக்குக் கேட்டிருக்கு" என்றார். உனக்கும் அதற்கு மேலே ஒரு வாக்குக் கொடுக்க என்னிடம் இல்லை. பொய் சொன்ன வாய், இனிமேல் தெரியாததைச் சொல்லாது.

பார்வதி பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது பேசினால் பேசவிடு. பதில் சொல்ல வேண்டாம். உனக்கு ஒரு முத்தம்மா இருந்தால் தேவலை என்று நேற்று லயத்துப் பக்கம் போய்க் கேட்டேன், வெட்கத்தை விட்டு. அவளுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று ஆகி, போன வருஷமே குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டாளாம். அவள் குடியிருந்த காம்பிராவில் வேறு யாரோ இருக்கிறார்கள். எனக்குத்தான் எதுவும் காலத்தில் தோன்றுவதில்லை. உன் உடம்பில் மாத்திரை என்ன செய்கிறதென்று உனக்குத்தான் தெரியும். டாக்டரிடம் சொல்லு, பார்வதியிடம் சொல்லு, என்னிடம் சொல்லப் பிடிக்காவிட்டால் வேண்டாம். நீ டாக்டரா நான் டாக்டரா என்று யாராவது கேட்டால், என் பெயரைச் சொல்லி அவன் வாயை அடை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதைச் சொல்லாமல் மேலே எழுதியது அத்தனையும் பாதிப் பொய். மாத்திரையைக் குழியில் கொட்டினேனே, அதற்கு முதல்நாள் வியாழக்கிழமை. நான் டிஸ்பென்சரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். குசினியில் அடுப்பு எரிந்தது. உன் அம்மா குளித்து, தானாகவே தலையை முடிந்து, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு! நான் நிலைப்படியில் நின்றேன். அவள் திரும்பி, என் முகத்தைப் பார்த்து, "தம்பிக்கு எப்பங்க லீவு விடுறாங்க?" என்று கேட்டாள். "இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு" என்றேன். "வரட்டும். புள்ளைக்கு மாசிச் சம்பல்னா உசிரு" என்று மறுபடி ரொட்டியைத் தட்டினாள். மருந்து வேலை செய்யத் தொடங்கியிருந்தது தம்பி. டாக்டர் சொன்ன மூன்றாவது வாரம் அது. நான் பார்த்தேன். பார்த்தவன், அன்று சாயந்தரமும் கறுப்புத் தண்ணீரைக் கொடுத்து, வலியில் அவள் உருண்டதைக் கண்டு, மறுநாள் காலையில் மாத்திரையைக் கொட்டினேன்.

உன் அம்மாவை அந்த மாத்திரை கொல்லவில்லை. உன்னைப் பற்றிக் கேட்கும் அளவுக்கு அவளைத் தூக்கி உட்கார்த்தியது. அவள் கேட்டதை நான் உனக்கு எழுதவே இல்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

அப்பா